காட்டன் கால்வாயோடு எண்ணூர் வரை

வியாசர்பாடி,
ஆகஸ்ட் 20, வியாழக்கிழமை

அன்பு மகள் செங்கொடிக்கு உன் நைனா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் திடமாக இருக்கிறோம், உன் வாண்டுகள் இரண்டும் இந்த நிமிஷம் நன்றாகவே இருக்கின்றன, நீயும் மாப்பிள்ளையும் அங்கே குளிரோ வெயிலோ எதுவானாலும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் தினமும் நினைத்துக்கொள்கிறோம். ரமா மொட்டை மாடியில் எதிர் பிளாக்கு ஜானட்டோடு பந்து உதைக்கிற சத்தம் என் தலைக்கு மேல் இடி மாதிரி விழுகிறது, பக்கத்து வீட்டுக்காரர் வந்து வாசலில் நின்று முறைத்துவிட்டுப் போனார். தீனா உன் அம்மா மடியில் உட்கார்ந்து அவளுக்கு டச்சு பாஷையில் ஒன்று இரண்டு மூன்று சொல்லிக் கொடுக்கிறான், அவள் தப்புத் தப்பாகச் சொல்லி அவனிடம் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறாள், அறுபதை நெருங்குகிற வயதில் சொக்கம்மாளைத் திட்டுவதற்கு ஒரு ஆள் வந்ததில் எனக்குப் பெரிய சந்தோஷம். நீதான் வீடியோவில் சொன்னாயே, "போன்ல வேணாம் நைனா, போன்ல நீ எல்லாத்துக்கும் சரி சரின்னுடுவ, உக்காந்து எழுதிக் குடு" என்று, அதனால் எழுத உட்கார்ந்தேன். சனிக்கிழமை மாப்பிள்ளை பிள்ளைகளை அழைத்துப் போக வரும்போது இதை அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். நான் கடைசியாக இவ்வளவு நீளமாக எழுதியதெல்லாம் துறைமுகத்து யூனியன் நோட்டீஸ்தான், அதனால் நடுவில் எங்கேயாவது முழக்கம் மாதிரி வந்தால் பொறுத்துக்கொள்.

நீ கேட்ட கேள்வியை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் நான் வேறு கதை பேசி அதிலிருந்து நழுவிவிடக் கூடாது. எண்ணூர் துறைமுகத்தைச் சேர்ந்த ஒரு கம்பெனியில் கப்பல் வருகிற வழியைத் தோண்டி ஆழப்படுத்துகிற வேலைக்கு உன்னை இன்ஜினியராகக் கூப்பிடுகிறார்கள், அத்திப்பட்டுப் பக்கத்திலேயே குவார்ட்டர்ஸ் தருகிறார்கள், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும், நாலு பேரும் ஒரேயடியாகத் திரும்பி வந்துவிடட்டுமா, பிள்ளைகள் இந்த ஊரில் இருப்பார்களா, உன் ஆசையைச் சொல்லாதே, பிள்ளைகளைப் பார்த்துச் சொல் என்றாய். என் ஆசையைச் சொல்லாதே என்றால் என் வாயைத் தைத்துக்கொள் என்று அர்த்தம். நீ கேட்டு முடிப்பதற்குள்ளேயே என் மனசு வா வா என்று கூப்பாடு போட்டுவிட்டது. உன் அம்மா அன்றைக்கே பரணிலிருந்து பெரிய இட்லிப் பானையை இறக்கித் தேய்த்துக் கவிழ்த்து வைத்தாள், நான் தெரிந்த ஆளைப் பிடித்து அத்திப்பட்டுப் பக்கம் நல்ல பள்ளிக்கூடம் எது என்றுகூட விசாரித்துவிட்டேன். ஆனால் பிறகு யோசித்தேன். பீச்சுக்குக் கூட்டிப்போய், ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து, மாலில் ஓடுகிற படிக்கட்டில் ஏற்றி இறக்கி, பிள்ளைகளுக்கு ஊர் பிடித்துவிட்டது என்று உனக்கு எழுதினால் அது மோசடி. வாழப்போகிற ஊர் என்றால் அதன் முகத்தைக் கழுவாமல் அப்படியே காட்ட வேண்டும் என்று முடிவு பண்ணினேன்.

அதற்கு வழியை ரமாவே எடுத்துக் கொடுத்தாள். வந்த முதல் வாரமே, "தாத்தா, உங்க ஊரு கால்வாய் எங்க இருக்கு?" என்று கேட்டாள். உங்கள் லெய்டன் ஊரில் வகுப்போடு கால்வாய்க் கரை முழுக்க நடந்து ஒவ்வொரு பாலத்துக்கும் பெயர் சொல்லிப் பழகினவள், ஊர் என்று இருந்தால் அதற்கு ஒரு கால்வாய் இருந்தே தீர வேண்டும், அதன் கரையில் நடந்தால்தான் ஊரைப் பார்த்ததாகக் கணக்கு. எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. இருக்கிறது கண்ணு, நம் வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது, அது போய்ப் பெரிய கால்வாயில் சேரும், பெரிய கால்வாய் எண்ணூர் வரைக்கும் போய் கடலைப் பார்க்கும் என்றேன். அவ்வளவுதான், கால்வாய் முடிகிற இடம் வரைக்கும் நடக்க வேண்டும் என்று பிடித்துக்கொண்டாள். முடிகிற இடம் அதுவல்ல, அதற்கு மேலும் ஆந்திரா வரைக்கும் போகும் என்று சொன்னதற்கு, சரி, ஆந்திராவுக்கு அடுத்த வருஷம் போகலாம் என்றாள். உன் அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நல்லா கீற புள்ளைங்கள கால்வாக்கரைக்கு இட்டுகினு போறேன்றியே, உனக்கு இன்னா மூள கலங்கிப்போச்சா?" என்று ஒரு பாட்டம் கத்தினாள், அப்புறம் அவளே ஆளுக்கொரு கைக்குட்டையும் தண்ணீர் பாட்டிலும் எடுத்து வைத்தாள். மொத்தமாக நடக்கிற தூரம் இல்லை என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் துண்டு துண்டாக நடந்தோம். வழி காட்டுகிறேன் என்று ஜானட் சேர்ந்துகொண்டாள். எதிர் பிளாக்கில் இருக்கிற பெண், பன்னிரண்டு வயது, பெண்கள் டீமில் கோல்கீப்பர், வாயைத் திறந்தால் நாலு பேருக்குப் பதில் சொல்வாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை நம் கேப்டன் காட்டன் கால்வாய். கேப்டன் காட்டன் என்றால் யார் என்று ரமா கேட்டாள், எனக்குத் தெரியவில்லை, ஜானட் கொஞ்சமும் யோசிக்காமல், "ஏதாவது டீமுக்கு கேப்டனா இருந்துருப்பாரு" என்று முடித்துவிட்டாள். கரையில் பையன்கள் பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள், ஒருத்தன் ஓங்கி உதைத்த பந்து கால்வாய்க்குள் விழுந்து நடுவில் போய் நின்றது. நான் பேசிக்கொண்டே நடக்கிறேன், ரமா என் பக்கத்திலிருந்து பாய்ந்து ஓடுகிறாள், ஷூவைக்கூடக் கழற்றவில்லை, இரண்டு கையையும் முன்னால் நீட்டிக் குதிக்கத் தயாராகிவிட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. ஜானட் எட்டிப் பாய்ந்து அவள் பனியனைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்துக் கரையில் உட்கார வைத்து, "ஏய், இன்னா நீ, லூசா? அது தண்ணியா? முழுக்க கலீஜு!" என்று கத்தினாள். ரமாவுக்கு ஒன்றுமே புரியவில்லை. அவள் ஊரில் வெயில் வந்தால் பிள்ளைகள் எல்லாம் பாலத்திலிருந்து கால்வாயில் குதிப்பார்களாம், நீச்சல் பரீட்சைகூட உடுப்பும் ஷூவும் போட்டுக்கொண்டுதான் நீந்திக் காட்ட வேண்டுமாம், தவறி விழுகிறவன் உடுப்போடுதானே விழுவான் என்று டீச்சர் சொல்லிக் கொடுத்தாளாம். நீ அப்படி ஒரு பரீட்சை நடந்தது என்று எப்போதோ போனில் சொன்னாய், நான் ஏதோ பள்ளிக்கூட நாடகம் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் நம் பையன்கள் பந்தை எடுத்த விதத்தைப் பார்த்து ரமா வாயைப் பிளந்தாள். பந்து மேல் படாமல் அதற்கு அந்தப் பக்கம் கல்லைப் போட வேண்டும், கல் விழுகிற அலை பந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு வரும், அவசரப்பட்டுப் பந்துக்கு இந்தப் பக்கம் போட்டால் அது எதிர்க்கரைக்குப் போய்விடும், போட்டவன் அன்றைக்கு முழுக்க வெளியே உட்கார வேண்டும். ரமா போட்ட மூன்றாவது கல்லிலேயே பந்து கரைக்கு வந்தது. ஒரு பையன் அவளைப் பார்த்து, "நீ எந்த பிளாக்கு?" என்று கேட்டான். அவள் எங்கள் பிளாக் எண்ணைச் சொன்னாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதைத்தான் பேசிக்கொண்டு வந்தாள். அங்கே யாரைப் பார்த்தாலும் நீ எந்த ஊர், உண்மையில் எந்த ஊர் என்று கேட்பார்களாம், இங்கே யாரும் ஊரைக் கேட்கவே இல்லை, பிளாக்கைத்தான் கேட்கிறார்கள் என்றாள். நான் வெற்றிலை போட்டவன் மாதிரி துப்புவதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேசின் பிரிட்ஜிலிருந்து கொருக்குப்பேட்டை வரைக்கும் அந்தப் பெரிய கால்வாயான பக்கிங்காம் கால்வாயோடு நடந்தோம். கரையோடு நடக்க முடிகிற இடத்தில் கரை, முடியாத இடத்தில் சந்து, சந்தும் இல்லாத இடத்தில் லாரிகளுக்கு நடுவில். நான் விடுவேனா, அந்தக் காலத்தில் ஆந்திராவிலிருந்து விறகும் உப்பும் சிப்பியும் படகில் வந்து இங்கேதான் இறங்கும், என் தாத்தா இந்தக் கரையில் விறகு சுமந்தவர், மெட்ராஸில் பாதி அடுப்பு அவர் முதுகில் வந்த விறகில்தான் எரிந்தது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொற்பொழிவு நடத்தினேன். ரமா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தண்ணி இருக்கு, பாலம் இருக்கு, படகு மட்டும் எப்படி தாத்தா மறந்துபோச்சு?" என்றாள். எந்த மேடையிலும் எதிர்க்கேள்விக்கு அசராதவன், அன்றைக்குக் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். தீனா அதற்குள் கால்வாய் ஓரத்தில் எருமை ஒன்று கழுத்து வரைக்கும் இறங்கி நிற்பதைப் பார்த்துவிட்டு, அது பரீட்சை பாஸ் பண்ணிய எருமையா என்று கேட்டான். அங்கே ரயில்வே கேட் அடைத்திருந்தபோது டீக்கடையில் உட்கார்ந்தோம், கடைக்காரப் பெண்மணி ஷரீஃபுன்னிசா பிள்ளைகளுக்கு பட்டர் பன்னை டீயில் நனைத்துச் சாப்பிடக் கற்றுக்கொடுத்தாள், தீனா பன்னை முழுசாக டம்ளருக்குள் போட்டுவிட்டு அழுதான், இன்னொன்று கொடுத்தாள். அந்த வாரத்தில்தான் அவனுக்கு முதல் தடவை இரவெல்லாம் இருமல் வந்தது. புது ஊர், புதுத் தண்ணீர், சளி பிடித்திருக்கிறது என்று உன் அம்மா கற்பூரவல்லி இலையை வதக்கிச் சாறு பிழிந்து கொடுத்தாள், இரண்டு நாளில் சரியாகிவிட்டது, உன்னிடம் சொல்ல வேண்டாம், பயந்துவிடுவாய் என்றாள். நானும் தலையாட்டினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை எண்ணூர். ஜானட்டும் சேர்ந்து நாலு பேருமாக ரயிலில் போய்க் கத்திவாக்கத்தில் இறங்கிக் கால்வாய்க் கரையைப் பிடித்து முகத்துவாரத்துப் பக்கம் நடந்தோம். நீ வேலைக்கு வரப்போகிற இடம் என்பதால் நான் கொஞ்சம் உன்னிப்பாகவே பார்த்துக்கொண்டு நடந்தேன். புகைபோக்கிகள், குழாய்கள், கன்டெய்னர் லாரிகள், எல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். என்னோடு துறைமுகத்தில் சரக்குக் கட்டுகிற வேலை பார்த்தானே, சின்னப்பையன் என்று ஒருத்தன், அவன் இப்போது அங்கே மீனவர் குப்பத்தில் மறுபடியும் ஆற்றில் இறங்கி மீன் பிடிக்கிறான், அவனுக்குச் சொல்லி வைத்திருந்தேன். தண்ணீர் வற்றுகிற நேரம், ஆணும் பெண்ணுமாகப் பத்துப் பேர் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்த மாதிரி நகர்ந்துகொண்டு சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள், வலை இல்லை, தூண்டில் இல்லை, பறி என்கிற ஓலைக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு பிடித்த இறாலை அதில் போட்டுக்கொண்டே போகிறார்கள். பிள்ளைகள் இரண்டும் அப்படியே நின்றுவிட்டார்கள். சின்னப்பையன் ரமாவைப் பார்த்து, "எறங்குறியா பாப்பா, இந்தப் பக்கம் மணல்தான், பயமில்ல" என்றான். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் அவள் என்னைப் பார்த்த பார்வையில், சரி போ என்று வாயில் வந்துவிட்டது. ஷூவோடு, உடுப்போடு இறங்கினாள் அம்மா, உன் மகள், இரண்டு எட்டு நடந்தாள், அப்புறம் மீன் குஞ்சு மாதிரி நீந்த ஆரம்பித்தாள். தண்ணீரில் இருந்த பெண்கள் எல்லாம் வாயில் பறியோடு சிரிக்க முடியாமல் சிரித்தார்கள். ஒரு அம்மாள் பறியைக் கையில் எடுத்துக்கொண்டு, "யார் வூட்டுப் பொண்ணு இது, ஷூ போட்டுகினு நீந்துது!" என்று கேட்டாள். நான் கரையில் நின்றுகொண்டு, நம்ம வூட்டுப் பொண்ணு என்று கத்தினேன். முப்பது வருஷம் கடலுக்கு எதிரில் வேலை பார்த்தவன், முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கத் தெரியாது எனக்கு, அன்றைக்கு அந்தக் கரையில் நின்றபோது இருந்த பெருமை யூனியன் தேர்தலில் ஜெயித்தபோதுகூட இருந்ததில்லை.

தீனா சும்மா இருப்பானா, அக்கா இறங்கினால் நானும் என்று ஒற்றைக் காலில் நின்றான். ரமா கரைக்கு வந்து அவன் கையைப் பிடித்து இடுப்பளவு வரைக்கும் கூட்டிப்போனாள், சின்னப்பையன் பக்கத்திலேயே நின்றான். பறி தீனா முகத்தைவிடப் பெரிசு, அதைப் பல்லால் கடித்துக்கொண்டு கண்ணை உருட்டி உருட்டிப் பார்த்தான், சேற்றில் கை விட்டு ஒரு இறாலைப் பிடித்தேவிட்டான், அது முள்ளால் குத்தியதும் பறி, இறால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வீறிட்டான், எல்லோரும் சிரித்தோம். அந்த நேரத்தில் வடக்குப் பக்கமிருந்து காற்று திரும்பியது. அனல் மின்நிலையத்துச் சாம்பல் காய்ந்து கிடக்கிற பக்கத்திலிருந்து பொடி பறந்து வந்தது, மாவு சலித்த மாதிரி எல்லோர் தலையிலும் படிந்தது, அங்கே இருக்கிறவர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தார்கள். நான் பிள்ளைகளைத் துவட்டிக் கிளப்பினேன். ரயிலில் உட்கார்ந்தபோது தீனாவின் நெஞ்சிலிருந்து விசில் மாதிரி சத்தம் வந்தது. விளையாட்டுக்குச் செய்கிறான் என்று நினைத்தேன். கொருக்குப்பேட்டை வருவதற்குள் அவனால் பேச முடியவில்லை, தோள் இரண்டும் மேலே மேலே போகிறது, உதடு நிறம் மாறுகிறது, என் சட்டையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்க்கிறான். அந்தப் பார்வையை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். ரயிலை விட்டு இறங்கி ஆட்டோ பிடித்து ராயபுரத்தில் நம் டாக்டரம்மா ஜஹானாராவிடம் போனோம். மூக்கில் மருந்துப் புகை வைத்து இரண்டு தடவை இழுக்க வைத்த பிறகுதான் மூச்சு சரியாக வந்தது, வந்ததும் முதல் காரியமாக என் இறால் எங்கே என்று கேட்டான்.

பயப்படாதே, இப்போது நன்றாக இருக்கிறான், மேலே எழுதின மாதிரி உன் அம்மாவைத் திட்டிக்கொண்டிருக்கிறான். ஆனால் டாக்டரம்மா சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் உனக்குச் சொல்ல வேண்டும். முன்னால் வந்த இருமலையும் கேட்டாள், அங்கே லெய்டனில் எப்போதாவது இப்படி வந்ததா என்று கேட்டாள், ஒரு தடவைகூட இல்லை என்றேன். என்னைத் தனியாக உட்கார வைத்து, "இந்தக் காத்து இவனுக்கு ஆவாது அண்ணே. வந்து போவட்டும், ரெண்டு வாரம் மூணு வாரம், மருந்தோட. இங்க இருக்க வேணாம். எண்ணூர் பக்கம்னா வேணவே வேணாம்" என்றாள். எனக்குக் கோபம் வந்தது, அவள் மேல் இல்லை, யார் மேல் என்று சொல்லத் தெரியாத கோபம். வெளியே வந்தால் ஜானட் சுவரில் சாய்ந்து நின்று தன் காலுறைக்குள்ளிருந்து மூச்சு மருந்துக் குப்பி ஒன்றை எடுத்து வாயில் வைத்து இழுக்கிறாள். உனக்கும் இருக்கிறதா என்றேன். "எப்பவோ வந்துச்சு தாத்தா, எங்க டீம்ல நாலு பேருக்கு கீது, மேட்ச் அன்னிக்கு மாத்தி மாத்தி இழுத்துப்போம்" என்று சாதாரணமாகச் சொன்னாள், ஜாமெட்ரி பாக்ஸ் இரவல் கொடுக்கிற மாதிரி சொன்னாள். தீனாவை விமானம் ஏற்றி அனுப்ப எனக்கு ஒரு லெய்டன் இருக்கிறது, ஜானட்டை நான் எங்கே அனுப்புவேன், சொல்லு. இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தக் கடிதம் நோட்டீஸாகிவிடும், அதை வேறு இடத்தில் எழுதிக்கொள்கிறேன், பழைய யூனியன் ஆட்களிடம் பேசவும் ஆரம்பித்திருக்கிறேன்.

ரமா வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். சாப்பிட வரவில்லை. உன் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டதற்கு, நான்தான் கால்வாய் முடிகிற இடம் வரைக்கும் போகணும்னு சொன்னேன், நான்தான் தம்பியைத் தண்ணிக்குள்ள இழுத்தேன், என்னாலதானே அவனுக்கு இப்படி ஆச்சு என்று அழுதாளாம். அப்படி இல்லை கண்ணு, முன்னால் பிடித்த சளிதான் திரும்ப வந்தது, அவ்வளவுதான், எல்லாம் சரியாகிவிட்டது என்று உன் அம்மா சமாளித்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை, ஆனால் எழுந்து வந்து தம்பிக்கு சோறு ஊட்டினாள். மறுநாள் காலையில் என்னிடம் வந்து, "தாத்தா, அம்மாவுக்கு நீ வான்னு எழுதுவல்ல? பேஜாரு பண்ணாம எழுது" என்றாள். ஒரு மாதத்தில் எப்படிப் பேசுகிறாள் பார். ஜானட்டின் டீமில் அவளுக்கு இடம் உறுதியாகிவிட்டதாம், பள்ளிக்கூடத்துக்கு ஜானட்டோடேயே ரயிலில் போய்வருவாளாம், எல்லாம் முடிவு பண்ணி வைத்திருக்கிறாள். நான் எழுதுகிறேன் என்று மட்டும் சொன்னேன், என்ன எழுதுகிறேன் என்று சொல்லவில்லை.

இப்போது எழுதுகிறேன். வராதே அம்மா. அந்த வேலைக்கு முடியாது என்று சொல்லிவிடு. நம் ஊர்த் தண்ணீரில் வேலை செய்ய வேண்டும் என்று நீ காலேஜ் சேர்ந்த நாளிலிருந்து சொல்லிவருவது எனக்குத் தெரியும், அந்த ஆசையை வெட்டச் சொல்கிறேன் என்று நினைக்காதே, பையன் பெரிசாகி நெஞ்சு கெட்டியான பிறகு ஒருநாள் வா, அல்லது ஏதாவது வேலையாக நீ மட்டும் வந்து போ, அது வேறு பேச்சு. குவார்ட்டர்ஸ் வேண்டாம், பெரம்பூரில் வீடு பார்க்கலாம், மருந்து வைத்துக்கொண்டு சமாளிக்கலாம் என்று உனக்குத் தோன்றும், எனக்கும் நாலு நாளாக அதுதான் தோன்றிக்கொண்டிருந்தது, பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள என் மனசு என்னென்ன கணக்குப் போட்டது என்று எழுதினால் நீ சிரிப்பாய். ரயிலில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அவன் பார்த்த பார்வை நினைவு வந்ததும் எல்லாக் கணக்கும் விழுந்துவிடுகிறது. எங்களுக்காக வருகிறேன் என்று சொல்லாதே, எங்களுக்கு ஒன்றும் இல்லை, நான் மாடி ஏறி இறங்குகிறேன், உன் அம்மா என்னை வைகிற குரலில் தளர்ச்சியே இல்லை. உன்னைத் திரும்பி வா என்று சொல்வதற்காகவே இத்தனை வருஷம் காத்திருந்தேன், அதை நீ கேட்ட நாளில் வராதே என்று எழுத வேண்டியிருக்கிறதே என்று நெஞ்சு வலிக்கத்தான் செய்கிறது. உன் அம்மா இதைப் படிக்கவில்லை. எழுது என்றாள், என்ன எழுதினாய் என்று எனக்குச் சொல்லாதே என்றாள், இட்லிப் பானையைத் திரும்பப் பரணில் ஏற்றச் சொன்னாள், ஏற்றிவிட்டேன். இனிமேல் வெளிநாட்டுக்கெல்லாம் வர மாட்டோம் என்று வீம்பு பேச மாட்டோம், இரண்டு பேரும் பாஸ்போர்ட்டுக்குப் போட்டிருக்கிறோம், சொக்கம்மாள் போட்டோவில் சிரிக்கக் கூடாது என்று சொன்னதற்கு அந்த அதிகாரியிடமே சண்டை போட்டுவிட்டு வந்தாள்.

தீனாவின் மருந்துக் குப்பியையும் டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டையும் மாப்பிள்ளையின் கைப்பையில் வைத்து அனுப்புகிறேன், பெரிய பெட்டியில் போட மாட்டேன், அங்கே போனதும் உங்கள் டாக்டரிடம் முதலில் காட்டு. கருவாடு கேட்டாயே, ஏர்போர்ட்டில் வாசனை வருமென்று உன் அம்மா மூன்று பையில் சுற்றி வைத்திருக்கிறாள், பிடிபட்டால் மாப்பிள்ளை மேல்தான் பழி என்று அவரிடமே சொல்லி அனுப்புகிறேன். நீ வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, தலைக்கு எண்ணெய் வை. நீங்கள் நாலு பேரும் நோய்நொடி இல்லாமல், நல்ல காற்றும் நல்ல மனிதரும் சூழ, மங்களமாக இருக்க வேண்டும், நம் புத்தரின் கருணை எப்போதும் உங்கள் வாசலில் இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. ரமா வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் தாத்தா என்ன எழுதினார் என்று உன்னைக் கேட்பாள். தம்பி நெஞ்சுக்காகத்தான் வரவில்லை என்று ஒரு வார்த்தை அவளிடம் சொல்லாதே, சொன்னால் தன்னால்தான் என்று அந்தப் பிஞ்சு காலத்துக்கும் சுமக்கும், தம்பியைப் பார்க்கும்போதெல்லாம் அதுதான் நினைவு வரும். தாத்தா வேண்டாமென்று சொல்லிவிட்டார், வயதான காலத்தில் வீட்டில் சத்தம் ஆகாது என்கிறார் என்று சொல்லிவிடு. என் மேல் கோபப்படட்டும், போனில் பேச மாட்டேன் என்று அடம் பிடிக்கட்டும், அது எவ்வளவு நாளானாலும் நான் தாங்கிக்கொள்கிறேன்.

என்றும் உன்னை நினைத்திருக்கும்,
உன் நைனா
பீம்ராவ்